பவளம் மிக்சர்

"ஆர்.சி. புக்கைக் குடு."

அண்ணன் வரதன் பழைய சோற்றில் வைத்த கையோடு நிமிர்ந்தான். நைனா வாயிலிருந்த பீடியை எடுத்தார். அம்மா அடுப்பை விட்டு எட்டிப் பார்த்தாள். கட்டியிருக்கிற வேட்டியை அவிழ்த்துக் கொடு என்று கேட்டுவிட்ட மாதிரி மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தது அது. கார் வந்த அன்றைக்கே அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "கூடப்பொறந்தவன்கிட்ட போயி புக்கு கேக்கறது, உன்ன நான் நம்பலடான்னு மூஞ்சில துப்பற மாதிரி. பேரு உன்னுதுதான். எங்க ஓடிப் போயிடப் போவுது? அத மட்டும் கேட்டுடாத." நாலு வருஷம் கேட்கவில்லை.

பேர் என்னுடையதானது இப்படித்தான். ஏரிப் பக்கம் எங்களுக்கு இருந்த அரை ஏக்கரை என் கல்யாணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார் நைனா. வரதன் எட்டாவது பெயில். லைசென்சு எடுத்து யாருடைய வண்டியையோ ஓட்டிக்கொண்டிருந்தான். சொந்த வண்டி இருந்தால் குடும்பமே தலை நிமிரும் என்று ஒரு வருஷம் நச்சரித்தான். நிலத்தை விற்று, அடிபட்டு டிங்கரிங் பார்த்த பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார்கள். பெண்ணுக்கென்று வைத்த நிலமாயிற்றே, நாளைக்கு நாலு பேர் கேட்பார்களே என்று காரை என் பேரில் எழுதினார்கள். முன் கண்ணாடியில் மேலே சிவப்பு பெயிண்டில் 'பவளம்' என்று வரதனே எழுதினான். நான் அப்போது காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். காலையில் உத்திரமேரூர் ஸ்டாண்டில் என் பேர் எழுதின கார் நிற்கும். அதைத் தாண்டிப் போய் நான் பஸ்ஸுக்கு நிற்பேன். நாலு வருஷத்தில் அந்தக் காரில் மூன்று தடவை ஏறியிருக்கிறேன். இரண்டு சாவு, ஒரு காதுகுத்து.

அந்தக் கார்தான் போன வெள்ளிக்கிழமை செத்தது. புள்ளலூருக்கு ஒரு நிச்சயதார்த்தப் பார்ட்டியை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பும்போது, வாலாஜாபாத் தாண்டியதும், வெடி வெடித்த மாதிரி சத்தம். வண்டிக்கடியில் ஆயில் கொட்டியிருக்கிறது. பட்டுப்புடவை கட்டின பெண்கள் தாம்பாளமும் கையுமாக நடுரோட்டில் இறங்கி நின்றார்களாம். ஏதோ ஒரு டிராக்டரில் கயிறு கட்டி, உத்திரமேரூரில் மெக்கானிக் ஏகாம்பரத்தின் ஷெட்டுக்கு இழுத்து வந்து போட்டார்கள்.

அன்று சாயந்திரமே பேச்சு என் போஸ்டாபீஸ் பாஸ்புக்குக்கு வந்துவிட்டது.

டிகிரி முடித்து ஒரு வருஷமாக நர்சரி ஸ்கூலில் டீச்சர் வேலை பார்க்கிறேன். சாயந்திரம் டியூஷன். சேர்த்ததெல்லாம் பி.எட்.டுக்கு. மெட்ராஸில் சீட்டு கிடைத்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். இல்லையென்றால் லிஸ்டில் அடுத்த பேருக்குப் போய்விடும். பி.எட். இல்லாமல் கவர்மெண்ட் ஸ்கூல் கிடையாது. ஆயுசு முழுக்க மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு 'ஏ ஃபார் ஆப்பிள்' சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். நான் ஆப்பிள் தின்றதுகூட இல்லை.

"ஒரு வருசம் தள்ளிப் படியேன்" என்றாள் அம்மா. "காலேஜி இன்னா மாடா, அவுத்துக்கினு ஓடிப்பூட? வண்டி நின்னா வவுறு நின்னுடும்."

நைனா பாஸ்புக் இருக்கும் என் டிரங்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வரதன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், கொடுத்துவிடுவது என்றுதான் இருந்தேன். ஒரு வருஷம்தானே, போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் என்ன ரிப்பேர், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டாவது கொடுப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் ஷெட்டுக்குப் போனேன்.

ஏகாம்பரம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லா வண்டிகளின் வயிற்றையும் பார்த்தவர். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. வரதன் தங்கச்சிதான? பாரு, உம் பேரு வெச்ச வண்டி எப்படி வவுத்த தொறந்துக்கினு கீது."

காட்டினார். இன்ஜினின் பக்கவாட்டு இரும்பில் என் கை உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை.

"உள்ள சுத்தற ராடு ஒடிஞ்சி, பிளாக்க பொத்துக்கினு வெளிய எட்டிப் பாத்துட்டுது."

"ரிப்பேர் பண்ண முடியுங்களாண்ணா?"

"வெல்டு வெச்சி ஓட்டலாம். மூணு மாசம் ஓடும், நாலாவது மாசம் மறுபடி இங்கதான் வரும். மெட்ராஸ்ல பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கியாந்து எறக்கினா நல்லா ஓடும். அதுக்குத்தான் நீ பணம் தர்றியாமே, வரதன் சொன்னான். இல்லாங்காட்டி காயலாங்கடை. எடை போட்டுத் தூக்கிக்கினு போயிடுவான். டயர் ரெண்டு புச்சு, அதுக்குத் தனியா ஏதோ தேறும்."

"ஏண்ணா ஒடிஞ்சுது?"

அவர் சிரித்தார். "இன்னா பாப்பா, எனக்கே பரீட்ச வெக்கறியா?"

"நெஜமாத்தான் கேக்கறேன். எனக்குத் தெரியாது."

சிரிப்பு நின்றது. வண்டியின் அடியிலிருந்து வடித்து வைத்திருந்த ஆயிலை ஒரு பால் டின்னோடு எடுத்து நீட்டினார். ஒரு குச்சியை அதில் முக்கித் தூக்கினேன். தேன் மாதிரி இழுபட்டு இறங்க வேண்டிய ஆயில், தண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாக விழுந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். மண்ணெண்ணெய். அதோடு சேர்ந்து இன்னொரு வாசனை. என் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனை. பாச்சா உருண்டை.

ஏகாம்பரம் டிக்கியைத் திறந்து காட்டினார். பத்து லிட்டர் டின் ஒன்று. அதிலிருந்து ஒரு ரப்பர் டியூப் முன்னால் போனது. டிரைவர் காலடியில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு.

"பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணுவான். இன்ஜின் சூடானதும் இத்த திருப்பிடுவான். அப்பறம் முச்சூடும் மண்ணெண்ணெய்தான். வெறும் மண்ணெண்ணெய் ஊத்தினா இன்ஜின் இடிக்கும், மேட்டுல தம்மு கட்டாது. அதுக்குத்தான் உருண்ட. லிட்டருக்கு ரெண்டு. எரியாத மண்ணெண்ணெய் கீழ எறங்கி ஆயில்ல சேந்துடும். ஆயில் செத்தா பேரிங் போச்சு, பேரிங் போனா ராடு போச்சு. நான் சொன்னேம்மா அவன்கிட்ட, வேணாம்டா வரதான்னு. 'எந் தங்கச்சி கெமிஸ்ட்ரி, அதுவே எழுதிக் குடுத்துக்கீது, உனக்கு இன்னா தெரியும் ஸ்பேனர் புடிக்கறவனுக்கு'ன்னான். சரி, படிச்ச பொண்ணு சொல்லிக்கீது, நமக்கு இன்னான்னு வுட்டுட்டேன். ஸ்டாண்டுல இன்னும் மூணு வண்டி அதுலதான் ஓடுது. அதுக்குப் பேரே பவளம் மிக்சர்தான். 'மாமே, ரெண்டு லிட்டரு பவளம் மிக்சர் கலக்கு'ம்பானுங்கோ. உனக்கு மெய்யாலுமே தெரியாதா?"

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

காலேஜில் இரண்டாம் வருஷ லீவு. வரதன் வாலாஜாபாத்திலிருந்து பக்கோடா வாங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அதுவே அதிசயம். "ஏய் பவளம், நீ கெமிஸ்ட்ரிதான? மண்ணெண்ணெய்ல பாச்சா உருண்ட போட்டா கரையுமா? சீட்டுல ஒரே மூட்டப்பூச்சி, பார்ட்டிங்கோ பேஜார் பண்றாங்கோ. தெளிக்கலாம்னு கீறேன்."

எங்கள் வீட்டில் என்னிடம் யாராவது கெமிஸ்ட்ரி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கரையும், நல்லா கரையும் என்றேன். அதோடு விட்டேனா? ஏன் கரையும் என்றும் சொன்னேன். பக்கோடா மடித்து வந்த காகிதத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு அறுகோணம் போட்டு, இதுதான் நாப்தலின் என்று கீழே எழுதி, மண்ணெண்ணெயும் இதுவும் ஒரே ஜாதி என்றேன். அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். என் அண்ணன் நான் எழுதினதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறான் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வருஷம் எனக்கு பைனல். வீட்டில் கரண்ட் கிடையாது. எட்டு மணியானால் அம்மா அரிக்கேன் விளக்கை அணைத்துவிடுவாள். "ரேசன்ல இந்த மாசம் ஊத்தல, இருக்கறது சோறாக்கத்தான்" என்பாள். மூன்று மாசம் ஊத்தவில்லை. விடிந்த பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து படித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பர்ஸ்ட் கிளாஸ் ஒன்பது மார்க்கில் போனது. ஷெட்டில் அந்த டின்னைப் பார்த்தபோதுதான் அது எங்கள் வீட்டு ரேஷன் டின் என்று தெரிந்தது. மூடி தொலைந்துபோய் அம்மா துணி சுற்றி அடைத்து வைப்பாளே, அதே துணி. என் பழைய பாவாடையில் கிழித்தது.

"இன்ஜின் மாத்தினா மறுபடியும் இதுதான நடக்கும்ண்ணா?" என்று கேட்டேன்.

"ஊத்தினா நடக்கும். ஊத்தலன்னா பத்து வருசம் ஓடும்" என்றார் ஏகாம்பரம். "வண்டி மேல தப்பு இல்ல பாப்பா."

அப்போதே அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை காலையில் புக்கைக் கேட்டேன்.

"எதுக்குடி புக்கு?" என்றான் வரதன். கையை இன்னும் கழுவவில்லை.

"காயலாங்கடைக்குப் போட. பத்து மணிக்கு ஆளு வருது. ஏகாம்பரண்ணா சொல்லி அனுப்பிக்கீறாரு."

"இன்னாது?"

"காதுல வியல?"

அம்மா பாய்ந்து வந்தாள். "உனக்குப் பித்து புடிச்சிக்கிச்சாடி? ஒரு பொட்டச்சி போயி ஷெட்டுல நின்னு வண்டிய விக்கறன்னு சொல்லிட்டு வந்தியா? ஊரு சிரிக்கும்டி."

"ஊரு ஏற்கெனவே சிரிக்குதும்மா. பவளம் மிக்சர்னு பேரு வெச்சி சிரிக்குது. மூணு மாசம் வெளக்க அணச்சியே, எண்ணெய்ய எங்க ஊத்தின?"

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். டின்னைத் தூக்கிக்கொண்டு போய் டிக்கியில் வைத்தவளே அவள்தான். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ வெளக்கு இல்லாங்காட்டியும் பாசாயிடுவன்னு தெரியும். அவன் வண்டி எண்ணெய் இல்லாம ஓடுமா?"

என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

வரதனைப் பார்த்தேன். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்ண்ணா. அதுக்கு மட்டும் ஒயுங்கா பதில் சொல்லு. நான் பணம் தர்றேன். பி.எட். வேணாம். வேற இன்ஜின் வாங்கிப் போட்டுக்கோ. அந்த டின்ன எடுத்து வீசிடுவியா?"

அவன் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஏகாம்பரத்திடம் சொன்னதையெல்லாம் விழுங்கிவிட்டுப் பாஸ்புக்கை எடுத்து நீட்டியிருந்தாலும் இருப்பேன்.

"பெட்ரோல் விக்கற வெல தெரியுமாடி உனக்கு?" என்றான். "எல்லாரும்தான் ஊத்தறான். இந்தவாட்டி ஆயில சீக்கிரம் சீக்கிரம் மாத்திக்கினா போச்சு."

"அப்ப நீ பண்ணது தப்பில்ல?"

"நான் இன்னாடி தப்பு பண்ணேன்? நீதான சொன்ன? நீதான எழுதிக் குடுத்த? இப்ப வண்டி பூட்டதும் நாடகம் ஆடறியா?"

"மூட்டப்பூச்சிக்குன்னு கேட்டியே, அது?"

"அதுக்கும்தான் தெளிச்சேன்."

நைனாவின் பக்கம் திரும்பினேன். பிளஸ் டூ முடித்ததும் என்னைக் கட்டிக்கொடுத்துவிடச் சொன்ன பங்காளிகளையெல்லாம் வாசலோடு அனுப்பியவர் அவர். "எம் பொண்ணு டிகிரி படிக்கும்டா, உங்க வூட்டுப் பத்திரத்தையெல்லாம் அதுதான் படிச்சிச் சொல்லப் போவுது" என்றவர். அவர் ஒரு வார்த்தை பேசினால் போதும், வரதன் வாயை மூடுவான்.

நைனா பீடியைத் தரையில் நசுக்கினார்.

"அவன் பத்துப் பேருகிட்ட பெருமையாச் சொன்னாம்மா, எந் தங்கச்சி சொல்லிச்சின்னு" என்றார். "படிக்காதவன். படிச்சவ சொன்னா வேதம்னு கேட்டுக்கினான். நீ அன்னிக்கே கரையாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவன் ஊத்தியிருப்பானா? சொன்னவளுக்கும் நஷ்டத்துல பங்கு கீது இல்லியா? பாஸ்புக்க எடுத்துக் குடு. வம்பு வேணாம்."

அவர் முகத்தில் கோபமில்லை. ஞாயம் பேசுகிறவர் முகம்தான் அது. இவர்கள் இதைப் பேசி முடித்திருக்கிறார்கள் என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நைனா டிரங்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அப்போதே. வரதன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுததும் எனக்காகத்தான். நான் பார்ப்பதற்காக.

"கரையறது கரையும்னுதான் சொல்ல முடியும் நைனா" என்றேன்.

"பாத்தியா, அதுவே ஒத்துக்குது!" வரதனுக்கு வெறி ஏறிவிட்டது. எச்சில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான். மாடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு வந்தான். "நான் இன்னா சும்மா சொல்றேனா? இந்தா பாரு நைனா, அவ கையெயுத்து. அவ போட்ட படம். இன்னிக்கி வரிக்கும் பத்திரமா வெச்சிக்கீறேன். போலீசு புடிச்சா காட்டலாம்னு."

உறையிலிருந்து ஆர்.சி. புக்கை எடுத்து, புக்கின் நடுவிலிருந்து அந்தப் பக்கோடா காகிதத்தை உருவினான். எண்ணெய் ஊறி, மடித்த இடமெல்லாம் கிழிந்து கிடந்தது. ஒட்டிக்கொண்ட இரண்டு அறுகோணம். கீழே என் எழுத்து. போலீஸ் பிடித்தால் காட்ட.

நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பவளம் எயுத்துதான்" என்றார்.

அவன் காகிதத்தைக் கொடுக்கிற மும்முரத்தில் புக்கைத் தரையில் வைத்திருந்தான். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

"ஏய்!"

"எம் பேருல கீது" என்றேன். "தொட்டுப் பாரு."

அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். அம்மா குறுக்கே விழுந்தாள். எனக்காகவா அவனுக்காகவா என்று தெரியவில்லை. "வுடுடா, வயசுப்பொண்ணு மேல கைய வெக்காத" என்றாள்.

"இதப் புடுங்கினாலும் பிரயோஜனம் இல்ல. தொலைஞ்சி போச்சுன்னு எழுதிக் குடுத்தா காஞ்சிபுரத்துல வேற குடுப்பாங்கோ. என் கையெழுத்துதான் கேப்பாங்கோ, உன்னுது கேக்கமாட்டாங்கோ. அந்தக் காயிதத்த நீயே வெச்சிக்கோ. மூட்டப்பூச்சி வந்தா ஆவும்."

டிரங்குப் பெட்டியைத் தூக்கினேன். நேற்றே அடுக்கி வைத்துவிட்டேன். மூன்று புடவை, சர்டிபிகேட், பாஸ்புக். அம்மா அதைப் பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள்.

"காயலாங்கடைக்காரன் குடுக்கறத ஏகாம்பரண்ணா உங்கிட்ட குடுப்பாரு நைனா" என்றேன். "உன் நெலத்துல மிச்சம் அவ்வளவுதான். எனக்கு அதுல ஒரு பைசா வேணாம். இனிமே எனக்கு எதையும் ஒதுக்கி வெக்காத, எம் பேருல எதையும் எழுதாத."

"பவளம்" என்றார் நைனா. கையில் இன்னும் அந்தக் காகிதம் இருந்தது. "உக்காரும்மா. பேசிக்கலாம்."

பேசிக்கலாம் என்று அவர் சொன்னால் நான் எப்போதும் உட்கார்ந்துவிடுவேன். இந்தத் தடவை செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"ஏய், பெட்ரோலே ஊத்தறேன்டி!" வரதன் பின்னாலிருந்து கத்தினான். "ஆத்தா மேல சத்தியமா! டின்ன இன்னிக்கே வீசிடறேன்! நில்லுடி!"

பத்து நிமிஷம் முன்னால் சொல்லியிருக்கலாம். வாசலில் கார் வழக்கமாக நிற்கிற இடத்தில் மண் கறுப்பாக ஊறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் வாசனை இருந்தது. இத்தனை நாளாக அது அடுப்பங்கரையிலிருந்து வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை மிதிக்காமல் சுற்றிப் போகவில்லை. மிதித்துக்கொண்டே நடந்தேன். என் பேர் எழுதின கண்ணாடியைக் கழற்றி உடைத்த பிறகுதான் வண்டியை ஏற்ற வேண்டும் என்று நேற்றே ஷெட்டில் சொல்லியிருந்தேன். எடை குறையுமே பாப்பா என்று ஏகாம்பரம் கேட்டதற்கு, குறைந்தால் குறையட்டும் என்று சொல்லிவிட்டேன்.